ஹோலி ரயிலும் ஒரு புரளியின் வரைபடமும்

2023-இல் ஹோலி மார்ச் 8-ஆம் தேதி வந்தது. அதற்கு முந்தைய வாரம் சென்ட்ரலிலும் கோவையிலும் திருப்பூரிலும் வடக்கே போகும் ரயில்களில் கால் வைக்க இடமில்லை. புதிதாக ஒன்றுமில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் கோயம்பேட்டில் நம்மவர்கள் பஸ்ஸுக்கு அலைமோதுவது மாதிரிதான் இதுவும். ஆனால் அந்த ஆண்டு, பிளாட்பாரக் கூட்டத்தைப் பிடித்த செல்போன் வீடியோக்களுக்கு வேறொரு விளக்கம் ஒட்டப்பட்டது. தமிழ்நாட்டில் இந்தி பேசினால் அடிக்கிறார்கள், கொல்கிறார்கள், உயிருக்குப் பயந்து தொழிலாளர்கள் ஓடுகிறார்கள் என்று.

மார்ச் 2-ஆம் தேதி, பீகார் முதல்வர் நிதிஷ் குமார் பத்திரிகைச் செய்திகளைப் பார்த்துவிட்டுக் கவலை தெரிவித்து ட்வீட் போட்டார். பாட்னா சட்டப்பேரவையில் அமளி. தமிழ்நாடு டி.ஜி.பி. சைலேந்திர பாபு வீடியோவில் தோன்றி, சுற்றிவந்த இரண்டு காட்சிகளும் பொய் என்றார். ஒன்று பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கிடையே நடந்தது. ராஜஸ்தானின் ஜோத்பூரில் ஒரு வழக்கறிஞர் கொல்லப்பட்ட காட்சிகூடத் தமிழ்நாட்டின் கணக்கில் எழுதப்பட்டிருந்ததை ஆல்ட் நியூஸ் போன்ற சரிபார்ப்புத் தளங்கள் கண்டுபிடித்தன. காயக் கட்டோடு தொழிலாளர்கள் பேசுவதாகக் காட்டிய ஒரு வீடியோ பாட்னாவிலேயே நடித்து எடுக்கப்பட்டது என்று பீகார் போலீஸே சொன்னது. அது தொடர்பாக ஒரு யூடியூபர் சரணடைந்தார், தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு மதுரை சிறையில் அடைக்கப்பட்டார். ட்வீட் போட்ட வழக்கறிஞரும் பா.ஜ.க. பிரமுகருமான பிரசாந்த் உம்ராவை மன்னிப்புக் கேட்கும்படி ஏப்ரல் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது.

வழக்கும் மன்னிப்பும் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு புரளி எந்த வாசல் வழியாக நுழைகிறது, யார் கை மாறுகிறது, எந்த இடத்தில் ஊரை இரண்டாகக் கிழிக்கிறது? இதையெல்லாம் எண்ணிப் பார்க்கவென்றே கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு துறை வளர்ந்திருக்கிறது. அந்தத் துறையின் கருவிகளை எடுத்துக்கொண்டு மணலி புதுநகர் வரை ஒரு நடை போய்ப் பார்க்கலாம்.

சென்னை மாநகராட்சியின் வடகோடி இது. கொசஸ்தலை ஆற்றங்கரை. மழைக்காலத்தில் பூண்டி ஏரியைத் திறந்தால் நெஞ்சு படபடக்கும் ஊர். பக்கத்தில் விச்சூர் சிட்கோ தொழிற்பேட்டை, தெற்கே மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் பெட்ரோ கெமிக்கல் கம்பெனிகளும், கிழக்கே எண்ணூர் அனல் மின் நிலையங்களும் துறைமுகமும். பொன்னேரி நெடுஞ்சாலையில் இரவு பகலாகக் கண்டெய்னர் லாரி. ஐயா வைகுண்டர் தர்மபதியின் புரட்டாசித் தேரோட்டத்துக்குத் தென்மாவட்டத்து மக்கள் கூடுகிற இதே ஊரைச் சுற்றி, பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் வரிசை அறைகளில் தங்கியிருக்கிறார்கள். ஒரே டீக்கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேரின் போன்களில் 2023 மார்ச் மாதம் இரண்டு வெவ்வேறு தமிழ்நாடு ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

ஏனென்றால் புரளிக்கு முன்கதை உண்டு. அது தமிழ்ப் பக்கத்திலிருந்தும் எழுதப்பட்டது. 2023 ஜனவரியில் திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாகச் சேர்ந்து தமிழர்களைத் துரத்துவதாக ஒரு வீடியோ சுற்றியது. டீக்கடை வாசலில் சிகரெட் புகை தொடர்பாக மூண்ட தகராறு அது என்று போலீஸ் விளக்கியது. அதற்குள் ‘அவர்கள் நம்மை விரட்டுகிறார்கள்’ என்ற கதை தமிழில் கிளம்பிவிட்டது. பிப்ரவரியில் இன்னொரு வீடியோ: ஓடும் ரயிலில் ஒருவர் வடமாநிலத் தொழிலாளர்களைத் திட்டி அடிக்கிறார். இது பொய்யல்ல. ரயில்வே போலீஸ் அவரைக் கைது செய்தது. மார்ச் மாதப் பெரும்பொய்யை நம்பவைத்தது இந்தச் சிறிய உண்மைதான். ஒன்றுமே இல்லாத இடத்தில் புரளி முளைப்பது அரிது. ‘பொய்’, ‘மெய்’ என்று இரண்டு பெட்டி மட்டும் வைத்துக்கொண்டு உட்காரும் ஆய்வாளருக்கு இந்த ரயில் வீடியோவை எங்கே போடுவதென்று தெரியாது.

சரி, கருவிகளுக்கு வருவோம். முதலாவது, படத்தின் கைரேகை. ஒவ்வொரு படத்தையும் கணினி ஒரு சிறு எண்கோவையாகச் சுருக்கிக்கொள்ளும். அளவு மாறினாலும், ஓரம் வெட்டப்பட்டாலும், மேலே நாலு எழுத்து ஒட்டப்பட்டாலும் அந்த எண்கோவை பெரிதாக மாறாது. ஜோத்பூர் காட்சி ‘திருப்பூர்’ என்ற பெயரில் மறுபடி வந்தால், ‘இதை முன்னமே பார்த்தாயிற்று’ என்று சில நொடிகளில் சொல்லிவிடலாம். பழைய படத்துக்குப் புதிய சட்டை போடுவதுதான் இந்தியாவில் புரளி வியாபாரத்தின் முக்கிய முதலீடு என்பதால் இந்தக் கைரேகைக்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவது கருவி, வலை வரைபடம். ஒவ்வொரு கணக்கும் ஒரு புள்ளி. ஒருவர் பதிவை இன்னொருவர் பகிர்ந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. லட்சக்கணக்கான கோடுகளை வரைந்து முடித்தால் சில விவாதங்கள் ஒரே திரளாக நிற்கும், சில நடுவே பிளந்து இரண்டு தீவுகளாகும். பிளவு எவ்வளவு ஆழம் என்பதை எண்ணாக்க, 2016-இல் கிரண் கரிமெல்லாவும் சக ஆய்வாளர்களும் ஒரு வழி சொன்னார்கள். ஒரு தீவின் ஏதோ ஒரு புள்ளியிலிருந்து கண்ணைக் கட்டி ஒருவரை நடக்கவிடுங்கள். அவர் அகப்பட்ட கோட்டில் எல்லாம் நடப்பார். எதிர்த் தீவின் பெரிய புள்ளிகளை எத்தனை முறை போய்ச் சேர்கிறார்? அடிக்கடி சேர்ந்தால் அது சாதாரண அரட்டை. கிளம்பிய கரையிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் விவாதம் பிளந்துகிடக்கிறது.

அழகான கணக்கு. ஆனால் 2023 மார்ச் புரளியை இந்தக் கணக்கில் அப்படியே போட்டால் ஏமாந்துபோவோம். இந்திக்காரர்களும் தமிழர்களும் ஒருவர் பதிவை ஒருவர் பகிராமல் இருப்பது அந்த வாரத்துச் சங்கதியா? கிரிக்கெட் வாரத்திலும் பொங்கல் வாரத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும். மொழியே சுவர். அந்தச் சுவரைப் பகை என்று எண்ணிக் கணினி பெரிய எண்ணைக் கக்கும். வழக்கமான வாரத்தின் எண்ணைப் பக்கத்தில் வைத்தால்தான் புரளி வாரத்து எண்ணுக்குப் பொருள் வரும். ஹோலி ரயில் கூட்டத்திலும் இதே கதைதான். போன ஆண்டு ஹோலிக்கும் இத்தனை பேர்தான் போனார்கள் என்ற ஒற்றைத் தகவல் கையில் இருந்திருந்தால் ‘ஓடுகிறார்கள்’ என்ற செய்தி அன்றே செத்திருக்கும்.

கோடுகளைவிடத் தீவுகளை இணைக்கும் பாலங்களைக் கவனிப்பது பயன் தரும். இரு தரப்பிலும் நம்பப்படுகிற ஒரு சில புள்ளிகள் இருந்தால் வரைபடமே மாறிவிடும். பீகார் அரசு நிலைமையைப் பார்க்க அனுப்பிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டி. பாலமுருகன், பீகாரில் ஐ.ஏ.எஸ். பணியில் இருக்கும் தமிழர். திருப்பூர், கோவை, சென்னை என்று போய்த் தொழிலாளர்களிடமே அவரது குழு பேசியது. தமிழ்நாட்டுப் போலீஸ் இந்தியிலும் விளக்கம் கொடுத்தது; மாவட்ட நிர்வாகங்கள் உதவி எண்களை அறிவித்தன. மறுப்பு எவ்வளவு உரத்துச் சொல்லப்பட்டது என்பதைவிட, எந்த மொழியில், யார் வாயிலிருந்து வந்தது என்பதுதான் அந்த வாரம் எடுபட்டது. மணலி புதுநகரில் அப்படிப்பட்ட பாலம் யார் என்று கேட்டால் எந்தக் கணினிக்கும் பதில் தெரியாது. இரண்டு மொழியும் பேசும் மேஸ்திரியையும் ரீசார்ஜ் கடைக்காரரையும் தெருவில் கேட்டால் சொல்வார்கள்.

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வு 2018-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த மூவர், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பரப்பிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்தார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு மெய்யைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய மெய்க்கு ஆறு மடங்கு நேரம் பிடித்தது. எந்திரக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை. பரப்புவது மனிதர்கள்தான்.

இங்கே விதியின் ஒரு விளையாட்டு. தமிழ்நாட்டுப் புரளி பற்றியெரிந்த அதே காலத்தில்தான் ட்விட்டர் நிறுவனம் ஆய்வாளர்களுக்கான கதவையும் சாத்தத் தொடங்கியது. இலவசத் தரவு வசதி நிறுத்தப்படும் என்று 2023 பிப்ரவரி தொடக்கத்தில் அறிவிப்பு வந்தது. பல்கலைக்கழகங்கள் காசின்றிப் பெற்றுவந்த தரவுக்கு, பெரிய அளவில் வேண்டுமென்றால் மாதம் பல்லாயிரம் டாலர் என்று விலை போடப்பட்டது. பேஸ்புக்கைப் பார்க்க உதவிய கிரவுட்டேங்கிள் என்ற கருவியை மெட்டா 2024 ஆகஸ்ட் 14-ஆம் தேதி மூடியது. பொய்யின் வேகத்தை அளக்கும் மீட்டர்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகின்றன. இதைப் பற்றி எந்தச் சட்டப்பேரவையிலும் அமளி நடந்ததாகத் தெரியவில்லை.

எப்படியும், மணலி புதுநகரின் பேச்சு ட்விட்டரில் நடப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நடக்கிறது, அங்கே வெளியாள் எட்டிப்பார்க்க முடியாது. அதனால் கரிமெல்லாவும் டீன் எக்கிள்ஸும் 2019 மக்களவைத் தேர்தலையொட்டி, யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய பொது அரசியல் குழுக்களை மட்டும் ஆராய்ந்தார்கள். பகிரப்பட்ட படங்களில் சுமார் 13 சதவீதம் ஏற்கெனவே பொய்யென்று நிறுவப்பட்டவை. ஒரு படம் பொய்யா என்று கணிக்க எந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தது. ஆனால் சில காலம் கழித்துப் பேசுபொருள் மாறியதும் அந்தக் கணிப்பு தடுமாறியது. தேர்தலுக்குப் பழகிய கண் வெள்ளத்துக்கு உதவாது.

பின்னர் கரிமெல்லாவும் சைமன் ஷோஷாரும் வேறு வழியைப் பிடித்தார்கள். மக்களிடமே போய், விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கி, அவர்கள் குழுக்களின் தகவலைக் கொடையாகப் பெறுவது. உத்தரப் பிரதேசத்தில் சுமார் 500 பேரிடம் இப்படித் திரட்டியதில், வெகுவாகப் பரவிய 1,858 தகவல்களில் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டவை இரண்டு டஜன்தான். ஏறத்தாழ 1 சதவீதம். 2024-இல் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார்கள். டீப்ஃபேக் வந்து உலகத்தை விழுங்கும் என்று மேடைதோறும் பேசப்பட்ட ஆண்டு அது. ஊரில் அடிதடியை மூட்டப் பழைய வீடியோவே போதுமாக இருக்கிறது.

மலிவான பொய்யே உயிரை வாங்கும் என்பதற்கு வடசென்னையிலிருந்து தூரம் போக வேண்டாம். பொன்னேரி தாண்டினால் பழவேற்காடு. 2018 மே மாதம் ‘வடநாட்டுப் பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருக்கிறது’ என்ற வாட்ஸ்அப் தகவல் திருவள்ளூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் சுற்றிக்கொண்டிருந்தது. பழவேற்காட்டில் மனநலம் பாதிக்கப்பட்ட ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே நாட்களில் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவர் கொல்லப்பட்டார். நாடு முழுக்க இப்படி நடந்தபின், 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு தகவலை 5 அரட்டைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் முன்னனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய தகவலை ஒரு சமயத்தில் ஒரே அரட்டைக்குத்தான் அனுப்பலாம் என்றாக்கியது. அத்தகைய பகிர்வு 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. பொய்யையும் மெய்யையும் பிரிக்காமல், எல்லாவற்றுக்கும் வேகத்தடை போட்டதால் கிடைத்த பலன் இது.

தமிழில் வேலை செய்ய முனைகிற எந்திரத்துக்கு இன்னும் ஒரு சோதனை. நாம் எழுதுவது தமிழா என்பதே அதற்குக் குழப்பம். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில், நடுநடுவே ஆங்கிலம் கலந்து தட்டுகிறோம். அயர்லாந்தில் பணியாற்றும் பாரதி ராஜா சக்கரவர்த்தியும் குழுவினரும் 2020-இல் இப்படிக் கலந்து எழுதப்பட்ட 15,744 யூடியூப் கருத்துகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் சாதகமா, பாதகமா, இரண்டும் கலந்ததா என்று ஆட்களை வைத்துக் குறித்து வெளியிட்டார்கள். திராவிட மொழிகளுக்கான இத்தகைய பணிக்கு அது வலுவான அடித்தளம். டாட்டில் என்ற இந்திய அமைப்பு ‘உளி’ என்ற உலாவிக் கருவியை உருவாக்கியது. தமிழ், இந்தி, இந்திய ஆங்கிலம் மூன்றிலும் பெண்களையும் பாலினச் சிறுபான்மையினரையும் குறிவைக்கும் வசைகளை அது மறைக்கும். எது வசை என்று தீர்மானித்தவர்கள், அதை வாங்கிக் கட்டிக்கொண்ட செயற்பாட்டாளர்களே.

அது ஏன் முக்கியம் என்பது ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு மாலை நின்றால் விளங்கும். இரண்டு சிநேகிதர்கள் சந்தித்தால் முதல் வாக்கியத்திலேயே பாட்டன் பூட்டனெல்லாம் வந்துபோவார்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் பயின்ற ‘நச்சுத்தன்மை’ மீட்டரை இங்கே பிடித்தால் முள் உடைந்துவிடும். இன்னொரு பக்கம், ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல், ‘நம்ம பசங்களுக்கு வேலையில்ல, யோசிங்க’ என்று முடியும் பணிவான ஆடியோ வெறுப்பை அள்ளிக் கொட்டிவிட்டு எந்த வடிகட்டியிலும் சிக்காமல் போகும். இங்கேயும் கணினிக்கு முதலில் தெரிய வேண்டியது, இந்த ஊரில் வழக்கமான பேச்சு எப்படி இருக்கும் என்பதே.

2023 டிசம்பர் இந்தச் சிக்கலை இன்னும் கூர்மையாக்கியது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தது. மீனவர்கள் வீடியோ போட்டார்கள். மணலியின் சி.பி.சி.எல். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, தன் குழாய்களில் கசிவில்லை என்றது. ஆலையின் தெற்கு வாசல் பக்கம் எண்ணெய்த் தடயம் இருந்ததாக மாசு கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கடலோரக் காவல்படை, எண்ணெய் சுமார் 20 சதுர கிலோமீட்டர் பரவியிருப்பதாகக் கண்டது. நிறுவனத்தின் மறுப்பையே ‘சரியான விடை’யாக வைத்து ஒரு தானியங்கிச் சரிபார்ப்பான் அந்த வாரம் ஓடியிருந்தால், மீனவர் வீடியோக்களுக்குப் ‘பொய்’ முத்திரை விழுந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சடைத்து, மக்கள் கைக்குழந்தைகளோடு தெருவில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில். ஆலை வாசலருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக வாரியம் அறிவித்தது. 24 மணி நேர வரம்பு 400. அந்த இரவில் பறந்த ‘கேஸ் லீக், சீக்கிரம் கெளம்புங்க’ என்ற தகவலைப் புரளி இலக்கணத்தில் வைத்துப் பாருங்கள்: பெயரில்லாத மூலம், அவசரம், ஆச்சரியக்குறி, ‘எல்லாருக்கும் அனுப்புங்க’. அத்தனை லட்சணமும் பொருந்தும். அது மெய்.

2015 வெள்ளத்தில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும், 250 சென்டிமீட்டர் மழை வரும் என்று நாசா சொன்னதாகவும் வந்த தகவல்களுக்கும் இதே முகம்தான். அவை பொய். வித்தியாசம் வாக்கியத்தில் இல்லாததால், வாக்கியத்தை மட்டும் படிக்கும் எந்திரத்துக்கு அது கிடைக்கப்போவதுமில்லை.

மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் திருந்திவிடாதா? மறுதரப்பைக் காட்டினால் மனம் இளகாதா? இதையும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கிறிஸ் பெய்ல் குழு, எதிர்க்கட்சிக் கருத்துகளை ஒரு மாதம் ட்விட்டரில் பின்தொடர வைத்தது. குடியரசுக் கட்சிக்காரர்கள் தங்கள் நிலையில் இன்னும் இறுகினார்கள். 2019 தேர்தல் நேரத்தில் பீகாரில் சுமித்ரா பத்ரிநாதன் 1,224 பேரை வைத்து நடத்திய சோதனையில், வீடு தேடிப்போய்ப் பொய்யைக் கண்டறியக் கற்றுக்கொடுத்த சுமார் ஒரு மணி நேரப் பாடம் பொதுவில் பலன் தரவில்லை. ஆளுங்கட்சி ஆதரவாளர்களிடம், தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்யை இனங்காணும் திறன் குறைந்தே போனது.

ஆனால் அவர் விடவில்லை. அதே பீகாரில், மாநில அரசின் ஜீவிகா அமைப்போடு சேர்ந்து, 583 கிராமங்களில் 13,500 பள்ளி மாணவர்களிடம் போனார். இம்முறை ஒரு மணி நேரமல்ல, பல வாரங்களுக்குப் பரவிய வகுப்புகள். ஒரு பாதிக்குத் தகவலைச் சோதிக்கும் பாடம், மறுபாதிக்கு ஒப்பீட்டுக்காக ஆங்கில வகுப்பு. மாதங்கள் கழிந்த பிறகும் முதல் பாதியினர் மெய்யையும் பொய்யையும் பிரிப்பதில் மேலாக இருந்தார்கள். வகுப்புக்கே வராத அவர்களின் பெற்றோரிடமும் அந்தத் தேர்ச்சி தெரிந்தது. தமிழ்நாட்டைப் பற்றிய பொய் மளமளவென்று பரவிய மாநிலத்திலிருந்துதான் இதுவரை கிடைத்தவற்றில் நம்பிக்கையான எண்களும் வந்திருக்கின்றன.

தமிழ்நாடு அரசு 2023 அக்டோபரில் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை அமைத்தது. அரசே பொய்யையும் மெய்யையும் தீர்மானிக்கலாமா என்ற கேள்வியோடு அது நீதிமன்றம் வரை போனது. மத்திய அரசு கொண்டுவந்த இதே போன்ற ஏற்பாட்டைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. எண்ணெய்ப் படலத்தை நேரில் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பது புரியும்.

மணலி புதுநகருக்கு அவசரத் தேவை தீர்ப்பு எழுதும் குழு அல்ல, வழக்கமான நாளின் எண்கள். மணலியில் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றளவு நிலையம் இருக்கிறது. அதன் அளவீடுகள் நாள் முழுவதும் இணையத்தில் ஏறிக்கொண்டே இருக்கின்றன, ஆங்கிலத்தில். பூண்டியில் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பதும் மழைக்காலம் முழுக்க அறிவிக்கப்படுகிறது. நேற்று இந்நேரம் எவ்வளவு, போன ஆண்டு இதே நாளில் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று மூன்றே வரியில், தமிழிலும் இந்தியிலும், தெருக் குழுக்களுக்கும் தொழிலாளர் குழுக்களுக்கும் மணிக்கு ஒருமுறை அனுப்பும் நிரலை ஒரு பொறியியல் கல்லூரி மாணவர் விடுமுறையில் எழுதிவிடலாம். செலவு அதிகம் ஆகாது. யார் பெயரில் அனுப்புவது என்பதில்தான் சிக்கல் வரும். ஆலைகளையும் சம்மதிக்க வைக்க வேண்டுமே.